டீச்சருக்குத் துபாயில் வேலை. பிள்ளைகளுக்கு எப்போது டிசி வாங்குவது?

வணக்கம் டீச்சர்.

நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திண்டுக்கல்லில் பதினோரு வருடம் மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவருக்குத் துபாயில் சிபிஎஸ்இ பள்ளி, மாதம் 3,500 திர்ஹாம், ஆகஸ்ட் கடைசியில் சேர வேண்டும். இரண்டாம் முறை உங்கள் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தேன்: "ரெண்டு பிள்ளைங்களையும் கூடவே கூட்டிட்டுப் போயிடலாமா சார்?"

இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு முடியாது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, பாருங்கள்: "தங்குமிடம்: பள்ளி வழங்கும் (ஷேரிங்)". அதாவது இன்னொரு ஆசிரியையோடு ஒரே அறை. அமீரகத்தில் குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய, அதாவது உங்கள் பொறுப்பில் விசா எடுத்து அழைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 3,000 திர்ஹாமும் வீடும். 3,500 வருகிறது, இடமும் தருகிறார்கள், போதாதா என்று தோன்றும். ஆனால் பிள்ளைகளுக்கு விசா கேட்கும்போது துபாயில் உங்கள் பேரில் பதிவான வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். அதை அங்கே இஜாரி என்பார்கள். பாதி அறைக்கு இஜாரி கிடைக்காது. கிடைத்தாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு இருக்கும் அறையில் இரண்டு பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பீர்கள்?

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பள்ளியின் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அறைக்குப் பதில் வீட்டு அலவன்ஸ் தருவார்களா, அதைச் சேர்த்தால் மொத்தம் 4,000-ஐத் தாண்டுமா? ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா, எத்தனை பிள்ளைகளுக்கு, டியூஷன் ஃபீஸ் மட்டுமா, பஸ்ஸும் புத்தகமும் சேர்த்தா? விமான டிக்கெட் உங்களுக்கு மட்டுமா? பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடு துபாயில் ஸ்பான்சர் செய்பவர் தலையில்தான் விழும், அதையும் கணக்கில் வையுங்கள். இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். தினமும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர்கள் அவர்கள். 4,000-ஐத் தாண்டினாலும் துபாய் வாடகைக்கு அது இழுபறிதான். அலவன்ஸ் வந்தபிறகு உட்கார்ந்து மாதச் செலவை எழுதிப் பார்ப்போம்.

உங்கள் வீட்டுக்காரர் இங்கேயே கடையைப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் தாய் ஸ்பான்சர் செய்வதில் ஆட்சேபனை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். அதற்கும் சான்றொப்பம் (அட்டஸ்டேஷன்) வேண்டும்.

சான்றொப்பம் என்றதும் இனிஷியல் ஞாபகம் வருகிறது. நம் ஊர்க்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான். டிகிரியில் உங்கள் பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியல். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் முழுதாகப் பின்னால். மகனின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் இனிஷியலே இல்லாமல் ஒற்றையாக. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பேர். ஒரு நாட்டு முத்திரையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் டிகிரி, பி.எட்., திருமணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாமே நம் வெளியுறவு அமைச்சகத்தோடு நிற்காமல் அவர்கள் தூதரக முத்திரை வரை போக வேண்டும். அந்த வரிசையில் பாதி தூரம் போனபிறகு பெயர்த் திருத்தம் என்று திரும்பி வந்தால் ஒரு மாதம் போய்விடும். இந்த வாரமே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி டிசி விஷயம். சில வருடங்களுக்கு முன் கரூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. வேலை உறுதி என்றதும் மே மாதமே இரண்டு பிள்ளைகளுக்கும் டிசி வாங்கி, வீட்டைக் காலி செய்து, ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். விசா இழுத்தது. பழைய பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது. தீபாவளி வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வந்தபோது அந்த அம்மா முதலில் சொன்னது ஃப்ரிட்ஜைப் பற்றித்தான்.

அமீரகச் சட்டப்படி தகுதிகாண் காலம் (ப்ரொபேஷன்) ஆறு மாதம் வரை போகலாம். அந்தக் காலத்தில் பள்ளி 14 நாள் நோட்டீஸில் உங்களை அனுப்பிவிட முடியும். எனவே என் யோசனை, நீங்கள் மட்டும் முதலில் போங்கள். மகனின் டிசியை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை தொடாதீர்கள். அங்கே இந்தியப் பள்ளிகளுக்கும் ஏப்ரலில்தான் புது வகுப்பு. நான்காம் வகுப்புக்கு அவன் ஏப்ரலில் வந்து சேர்ந்தால் எதுவும் கெட்டுப்போகாது. டிசிக்கும் சான்றொப்பம் கேட்பார்கள், அதற்கான நாட்களை விட்டு வாங்கிவிடுங்கள்.

மகள் கதை வேறு. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சிபிஎஸ்இயில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு மாதிரி. பத்தாம் வகுப்பில் புதிதாக நுழைவது பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டும், அனுமதியின் பேரில்தான். இப்போதே கூட்டிப் போனால் அங்கே ஏப்ரலிலேயே தொடங்கிய ஒன்பதாம் வகுப்பில், ஒரு பருவப் பாடம் விட்டுப்போன நிலையில், ஒன்பது வரை கட்டாயமான அரபியையும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் தம்பியோடு அனுப்பலாம் என்றால் அந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். ஆகவே அவள் இங்கேயே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டு, பதினொன்றுக்கு வரட்டும். நம் ரிசல்ட் மே மாதம் வரும், அங்கே வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். தற்காலிகச் சேர்க்கை தருவார்களா என்று முன்கூட்டியே பள்ளியில் கேட்டு வையுங்கள்.

பதினான்கு வயதுப் பெண்ணை அம்மா இல்லாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் விட்டுவிட்டுப் போவது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை, டீச்சர். கேட்டுவிடுங்கள். அவள் பதிலைப் பொறுத்து மேலே சொன்னதெல்லாம் மாறலாம்.

அவள் 11, 12 அங்கே படித்தால் இங்கே பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படும். பொறியியலைப் பொறுத்தவரை 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத்தான் அது வேண்டாம். எப்படி வாங்குவது என்பதை இ-சேவை மையத்தில் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு வயது சரியானது, எந்த மொழியும் ஒட்டும் வயது. கவலை தமிழில்தான். ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்பினால் பத்தாம் வகுப்பில் தமிழ் எழுதியாக வேண்டும். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின் விளைவு அது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்து "நேற்று மலை பெய்தது" என்று எழுதினான். பேச்சு சுத்தமான மதுரைத் தமிழ், கைதான் பழகவில்லை. தமிழ் இரண்டாம் மொழியாக உள்ள பள்ளிகள் அங்கே சிலதான். உங்கள் பள்ளியில் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, அதில் சேருங்கள். இங்கிருந்து கோடு போட்ட நோட்டு ஒரு டஜனாவது எடுத்துப் போங்கள்.

ஏஜென்ட் "ப்ராசஸிங்" என்று இரண்டு லட்சம் கேட்கிறார் என்றீர்கள். தர வேண்டாம். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அமீரகச் சட்டமோ ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது என்கிறது. அவர் பெயர் நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளியோடு நேரடியாகப் பேசிவிடலாம்.

நீங்கள் கேட்டுப் பார்த்த தாய்லாந்து ஆங்கில மையம் "டூரிஸ்ட் விசாவில் வாங்க, இங்க மாத்திக்கலாம்" என்றதை அத்தோடு விட்டுவிடுங்கள். அங்கே கற்பிக்க அதற்கான விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். தாய்லாந்து வேலை என்று அழைத்து மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகமே 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அது கணினி வேலை என்று சொல்லி நடந்தது; ஆனால் பிள்ளைகளோடு போகிறவர் எந்தப் பெயரிலும் அந்த ஆபத்தைத் தொடக் கூடாது. தென் கொரியாவின் தனியார் ஆங்கில மையங்கள் பதில் போடவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்கள் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஏழு நாட்டு பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் டெமோ வீடியோவில் பிரசென்ட் பெர்ஃபெக்டை விளக்கும்போது மூன்று இடத்தில் "அதாவது கண்ணு, ஏற்கெனவே முடிஞ்சு போச்சு" என்கிறீர்கள். நம் ஊரில் அதுதான் நல்ல டீச்சருக்கு அடையாளம். அங்கே முன்வரிசையில் மலையாளமும் உருதும் குஜராத்தியும் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அதே பாடத்தைத் தமிழ் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், படமும் சைகையும் பலகையும் வைத்துப் பதினைந்து நிமிடம் நடத்தி, ஃபோனில் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். மகளையே மாணவியாக உட்கார வைத்து எடுக்கலாம்.