அற்ப சாதனைக்கு விழா எடுத்தால் ஏன் சிரிப்பு வருகிறது?

விஷயம் சின்னது என்பதால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. பாராட்டுப் பத்திரத்தின் மொழி ஒரு படிகூட இறங்கி வராததால்தான் வருகிறது. 'பொருள்', 'மேற்படி', 'முன்னிலையில்' என்று அரசாங்கத் தமிழிலேயே கடைசி வரை போகணும். நடுவில் எழுதினவரே கண்ணடித்துவிட்டால் போச்சு.

இன்னொன்று, சாதித்தவர் கொஞ்சமாவது பாடுபட்டிருக்கணும். ஆபீஸ் ஆண்டு விழாவில் தரும் 'சிறந்த தூங்குமூஞ்சி' விருதெல்லாம் அதனால்தான் பல்லிளிக்கிறது.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்த நாயை 'கோவிவன்' என்று பேர் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில். அவையெல்லாம் சிரிக்க வைத்த கற்கள் இல்லைதான். ஆனால் சேவலுக்கே கல் உண்டு என்றால் எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு சான்றிதழ் கூடாதா?

நாங்கள் சேலம். பெரியம்மாவுக்கு ஏற்காடு என்றாலே அடிவாரத்திலேயே வயிற்றைப் புரட்டும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் கேரி பேக். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை வேறு, எண்ணி எண்ணிப் பயப்பட வசதியாக. ஒரு கோடை விழா சமயம் அத்தனையையும் தாண்டி ஏரி வரை அலுங்காமல் வந்து சேர்ந்தார்.

மாமா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் தமிழ் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அடுத்த வாரமே டைப் அடித்து, வீட்டு விசேஷத்தில் மைக் பிடித்து வாசித்தார்:

'பொருள்: வாந்தியின்றி மலையேறியமை – பாராட்டுதல் – தொடர்பாக. மேற்படியார் 20 வளைவுகளையும் எவ்விதக் கசிவுமின்றிக் கடந்தது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. வழங்கப்பட்ட எலுமிச்சம்பழம் 1, பயன்படுத்தப்படாத நிலையில் திரும்பப் பெறப்பட்டது. நகல்: பின்சீட்டில் அமர்ந்திருந்தோர், தகவலுக்காக.'

என்னைக் கேட்டால் அந்த எலுமிச்சம்பழ வரிதான் உச்சம். மாமா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பொன்னாடை போர்த்தினார்கள். பெரியம்மாவும் கைகூப்பி வாங்கிக்கொண்டு, "ஏங்க தம்பி, எறங்கறப்ப நடந்ததை எழுதலையே?" என்றார்.

"அது தனிக் கோப்புங்க அக்கா," என்றார் மாமா.