கொண்டைக்கு எத்தனை ஊசி?

கேளுங்கள், சொல்கிறேன்

(பதில் எழுதுபவர் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால்வரை கூந்தல் உள்ளவர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் தலையைப் பற்றியவை என்பதால், சமையல் கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன.)

அக்கா, எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் பின்னலைப் பிடித்து இழுப்பதால் கொண்டை போட்டே ஆக வேண்டும். பதினான்கு சைடு பின் குத்தியும் பதினொரு மணிக்குள் கொண்டை கழுத்துக்கு வந்துவிடுகிறது. இன்னும் எத்தனை குத்துவது?
— வாசகி, பொங்கோல்

பதினான்கு போதவில்லை என்கிறீர்கள். பதினான்கும் அதிகம் என்கிறேன் நான். அதிலும் சைடு பின்! இரண்டு கால்களும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பின், தட்டையாகப் படிந்த கொஞ்சம் முடியைக் கவ்வுவதற்கு ஏற்பட்டது. 1920-களில் மேல்நாட்டுப் பெண்கள் கூந்தலைக் காதளவுக்குக் கத்தரித்துக்கொண்டார்களே, அப்போது பேர் வாங்கிய சாமான். கட்டைவிரல் பருமனுள்ள திருகலை அதன் வாயில் திணித்தால் வாய் பிளந்துகொள்ளும். பிளந்த வாய் எதைப் பிடிக்கும்? காதோரப் பிசிறுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் நெளிந்த கால் தலையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நெளிவு அழகுக்கு என்று நினைத்து அதை வெளியே காட்டிக்கொண்டு திரிகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

உங்களுக்கு வேண்டியது கால்கள் விலகி நிற்கும் கொண்டை ஊசி. இங்கே சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மலைப்பாதைதான் நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் மகளிடம், "அந்தக் கொண்டை ஊசியை எடு" என்றேன். "அது கொல்லிமலையில் அல்லவா இருக்கிறது, அத்தை?" என்றாள். போன டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய், அந்த மலையின் 70 வளைவுகளில் பாதிக்கு வாந்தி எடுத்துக்கொண்டே ஏறியவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது 1984-இல், பயிற்சித் தாதியாகச் சேர்ந்த முதல் மாதத்தில். அப்போது எங்களுக்கு வெள்ளைத் தொப்பி உண்டு. முடி சட்டைக் காலரைத் தொடக்கூடாது என்ற விதியும் உண்டு. ஓர் இரவுப் பணியில் படுக்கை விரிப்பை மாற்றக் குனிந்தேன். தொப்பியும் கொண்டையும் சேர்ந்து சரிந்து நோயாளியின் கால்மேல் விழுந்தன. மூத்த தாதி ஒரு சீனப் பெண்மணி. திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். அவரோ மருந்து அறைக்குள் கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்து, என் தலையிலிருந்த பின்களை ஒவ்வொன்றாக உருவி எஃகுத் தட்டில் போட்டார். டிங், டிங் என்று பதினேழு முறை கேட்டது. பிறகு ஐந்தே ஊசியில் கொண்டையை நிறுத்தினார். காலையில் பஸ் ஏறும்வரை அது அசையவில்லை. அவருடைய பெரியம்மா ஒரு 'மாஜி', அதாவது சீனப் பணிப்பெண். கூந்தலை வாரி முடிந்து, இனித் திருமணம் இல்லை என்று சபதம் செய்துவிட்டு, குவாங்டோங்கிலிருந்து வந்து வீட்டு வேலை செய்தார்களே, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, அவர்களில் ஒருவர். அந்த வீட்டில் கொண்டை அவிழ்வது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அவர் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். முதலில், கொண்டையை எங்கே வைப்பது? உச்சியில் வைத்தால் இவ்வளவு கூந்தலின் கனமும் கீழே இழுக்கும். கழுத்தில் வைத்தால் தலையைத் திருப்பும்போதெல்லாம் இடிபடும். பின்மண்டையில் கையை வைத்துத் தடவினால் ஒரு புடைப்பு தெரியும். அதற்குச் சற்று மேலே வையுங்கள். கூந்தல் முழுவதையும் கயிறு முறுக்குவதுபோல் ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே வாருங்கள். முறுக்கு ஏற ஏற அது தானே சுருண்டுகொள்ளப் பார்க்கும். எந்தப் பக்கம் சுருள்கிறதோ அந்தப் பக்கமே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு அவிழும். பிறகு நூறு ஊசி குத்தினாலும் வீண். நுனியை அடியில் சொருகிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். நான்கைந்து நொடியாவது கொண்டை தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவிழ்த்து மறுபடி திருகுங்கள். ஊசியைத் தொடாதீர்கள்.

இனி ஊசி. எல்லோரும் தவறுவது இங்கேதான். கொண்டையின் நடுவைப் பார்த்து ஆணி அடிப்பதுபோல் நேரே குத்துகிறோம். அப்படிக் குத்திய ஊசி கொண்டைக்குள் மட்டும் இருக்கும், தலையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொண்டையின் ஓரத்தில் ஊசியை வைத்து, அதன் முனை கொண்டையை விட்டு வெளியே பார்க்கும்படி பிடியுங்கள். ஓரச் சுற்றிலிருந்து கொஞ்சம் முடியை அள்ளுங்கள். முனை தலையைத் தொட்டதும் அங்கே படிந்திருக்கும் முடியிலும் கொஞ்சம் அள்ளுங்கள். இப்போது ஊசியை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பி, தலையை ஒட்டினாற்போல் கொண்டைக்குள் தள்ளுங்கள். மலைப்பாதையில் பஸ் வெளிப்பக்கமாகப் போய், முனையில் திரும்பி, வந்த திசைக்கே மறுபடி ஏறுகிறதே, அதே போக்குத்தான். என் அண்ணன் மகளுக்கு இப்படிச் சொன்னதும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். திருப்பிய கணத்தில் ஊசி இறுகுவது கைக்கே தெரியும். மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு. உங்கள் அடர்த்திக்கு ஐந்தாவதாக ஒன்று. கடைசியில் தலையை நன்றாக ஆட்டிப் பாருங்கள். சரியாக ஏறிய ஊசி இருப்பதே தெரியாது. உறுத்தினால் அழுத்தாதீர்கள், உருவி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

தேக்காவில் வளையல், பொட்டு விற்கும் எந்தக் கடையிலும் கொண்டை ஊசி கிடைக்கும். கால்கள் நடுவில் நெளிந்திருப்பதாகவும், உங்கள் ஆள்காட்டி விரல் நீளமாவது இருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் குட்டை ஊசியை எடுத்து நீட்டுவார். அது கொண்டையைச் சுற்றிப் பூச்சரத்தை நிறுத்தத்தான் ஆகும். தலைக்குக் குளித்த அன்று முடி வழுக்கும், எண்ணெய் தேய்த்த அன்றும் வழுக்கும். குளித்த மறுநாள்தான் கொண்டைக்கு நல்ல நாள்; இதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

தலையணை உறையில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. சலவை செய்தும் போகவில்லை. பின்னில் இருந்துதான் வருகிறதா?
— வாசகி, தோ பாயோ

ஆமாம், துரு. மேல்பூச்சு உரிந்ததும் உள்ளே இருக்கும் இரும்பு நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குத் தாங்காது. ஈரத்தலையில் பின் குத்திக்கொண்டு தூங்குகிறீர்கள் என்றும் தெரிகிறது. ஈரமுடி சுலபமாக நீண்டு அறும், அதற்காகவாவது நிறுத்துங்கள். பூச்சுப் போனவற்றையும், நுனியில் உள்ள சிறு குமிழ் உதிர்ந்தவற்றையும் எறிந்துவிடுங்கள். குமிழ் இல்லாத நுனி மண்டையைக் கீறும். பல்லால் கடித்துப் பின்னை விரிக்கும் பழக்கம் இருந்தால் பூச்சு சீக்கிரம் போகும், பல்லும் போகும். என் அம்மாவின் முன்பல் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. சிறுவயதில் அதை அழகு என்று நினைத்திருந்தேன். அது நாற்பது ஆண்டுப் பின்கள் அறுத்த பள்ளம்.

என் மனைவியின் பின்கள் சோபாவில், குளியலறையில், சலவை இயந்திரத்துக்குள், ஒருமுறை என் காலணிக்குள். இதற்கு ஒரு முடிவு உண்டா?
— வாசகர், தெம்பனிஸ்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போங்கள், தம்பி. எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பொறுக்கியதை மனைவியின் முன்னால் வைத்து எண்ண வேண்டாம்.

மகளுக்கு ஒன்பது வயது, பரதம் கற்கிறாள். அரங்கேறும் நாள்களில் சவுரி வைத்து இறுக்கக் கொண்டை போடுகிறார்கள். இரவில் தலைவலி என்று அழுகிறாள். நெற்றியோரத்தில் முடி மெலிந்திருப்பதுபோல் தெரிகிறது. "பழகிவிடும்" என்கிறார்கள். பழகிவிடுமா?
— வாசகி, யீஷூன்

பழகாது. ஒரே இடத்தில் நாள்கணக்காக இறுக்கி இழுத்தால் முடியின் வேர் தளர்ந்து, நெற்றியோரமும் காதோரமும்தான் முதலில் மெலியும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் வளராமலே போய்விடும். அந்த ஓரத்தில் சிறு சிறு கொப்புளங்களோ சிவப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேடை ஏறும் நாளைத் தவிர மற்ற நாள்களில் சவுரி எதற்கு? பயிற்சிக்குத் தளர்வான பின்னலோ, நான் மேலே சொன்ன ஊசிக் கொண்டையோ போதும். மேடை நாளிலும் சவுரியின் கனத்தை முன்முடியிலிருந்து இழுத்துக் கட்டாமல் பின்மண்டையில் ஊசியால் தைக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வீடுவரை காத்திருக்காமல் காரிலேயே அவிழ்த்துவிடுங்கள். நடன ஆசிரியையிடம் பேசத் தயக்கமாக இருந்தால், தாதியாக இருந்த ஒருத்தி சொன்னாள் என்று என் தலையில் பழியைப் போடுங்கள். எத்தனையோ பழி ஏறிய தலை இது.

எம்ஆர்ஐ பரிசோதனைக்குப் போனபோது கொண்டையை அவிழ்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்கள். எனக்கோ முழங்காலில்தான் பரிசோதனை. தலையில் என்ன வேலை?
— வாசகி, ஜூரோங்

பிடிவாதம் பிடித்தவர் வாழ்க. அந்த இயந்திரம் ஒரு பெரும் காந்தம். பரிசோதனை முழங்காலில் என்றாலும் நீங்கள் முழு ஆளாகத்தானே அந்த அறைக்குள் போகிறீர்கள்? இரும்புப் பின் தலையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும். அடர்ந்த கூந்தலுக்குள் ஒன்றை மறந்துவிடுவது சுலபம் என்பதால், குத்தும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் எண்ணலாம், பதினான்கு என்றால் யார் எண்ணுவது?

பாட்டி மலாக்கா செட்டி வம்சம், மலாக்காவில் குடியேறி மலாய்ப் பழக்கங்களை ஏற்ற தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். அவர் விட்டுச்சென்ற மூன்று வெள்ளி ஊசிகள் என்னிடம் உள்ளன. பெரியது, நடுத்தரம், சிறியது. ஒற்றைக் கால்தான், மேலே பூவேலை. கறுத்துக் கிடக்கின்றன. என் திருமணத்துக்கு அணிய ஆசை. முடியுமா?
— வாசகி, பிடோக்

முடியுமாவா? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கே பொறாமையாக இருந்தது. சங்குல் என்று மலாயில் சொல்லும் கொண்டையில், கெபாயா என்ற மேல்சட்டையோடு வரிசையாகக் குத்திக்கொள்ளும் ஊசிகள் அவை.

கறுப்பு அழுக்கு என்று நினைத்துப் பற்பசை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பூவேலை மழுங்கிப்போகும். வெள்ளியைத் துடைக்கவே விற்கும் மென்துணியால் துடைத்தால் போதும். பூவின் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு தங்கினால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். வெள்ளி மென்மையான உலோகம், ஒற்றைக் கால் ஊசியால் தையல் போடவும் முடியாது. எனவே கொண்டையின் பாரத்தை அவற்றின்மேல் சுமத்தாதீர்கள். எஃகுக் கொண்டை ஊசிகள் ஐந்து உள்ளே மறைந்து உழைக்கட்டும். பாட்டியின் மூன்றும் மேலே சாய்வாகச் சொருகப்பட்டு, திருகலின் நடுவே நுழைந்து நிற்கட்டும். முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது, கட்டிப்பிடித்து வாழ்த்துகிறவர்களின் கன்னம் பாவம். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே முழுக் கொண்டையையும் போட்டுக்கொண்டு, வீட்டில் இரண்டு மணிநேரம் பாத்திரம் கழுவி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.

அன்றைக்குப் படம் எடுப்பவரிடம் சொல்லிவையுங்கள். மணமகளை முன்பக்கம் மட்டும் எடுத்துத் தள்ளிவிடுவார்கள். எனக்குப் பின்பக்கம் ஒன்று வேண்டும்.