ஓய்வு பெற்றவர் என்றால் கம்பெனி கைகழுவி விடலாமா?

கேள்வி: அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையில் 25 வருடம் வேலை பார்த்தார், கடைசி சில வருடங்கள் காண்ட்ராக்டில். ஓய்வு பெற்று 12 வருடம் ஆகிறது. இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்த டாக்டர் ஆஸ்பெஸ்டாசிஸ் என்கிறார். கம்பெனியில் கேட்டால், "எப்பவோ நின்ற ஆள், அதுவும் காண்ட்ராக்ட், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க வழி உண்டா?
- வாசகி, கோவை மாவட்டம்

பதில்: உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நுரையீரலைக் கெடுக்கும் இந்த நோயின் குணமே அதுதான், ஆஸ்பெஸ்டாஸ் தூசி மூச்சோடு உள்ளே போய் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும், அதற்குள் ஆள் ஓய்வு பெற்றிருப்பார். இதைத் தெரிந்துகொண்டுதான் 1995-ல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். உங்கள் அப்பா நின்று 12 வருடம்தானே ஆகிறது, அப்படியானால் அவருடைய பதிவேடு இன்றைக்கும் அங்கே இருந்தாக வேண்டும். நகல் கேட்டு பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமான சான்றுதான்.

காண்ட்ராக்ட் என்ற சாக்கும் செல்லாது. ஆலையின் வேலையை காண்ட்ராக்டர் மூலம் செய்ய வைத்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது ஆலைக்கு, உண்டு, காண்ட்ராக்டரிடமிருந்து வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

சரி, யாரிடம் போவது? முதலில் அப்பாவுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் மனு போக வேண்டிய இடம் இ.எஸ்.ஐ., ஊனத்தின் அளவை அவர்களுடைய மருத்துவக் குழு முடிவு செய்யும். இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. இ.எஸ்.ஐ. சட்டம், இழப்பீட்டுச் சட்டம் இரண்டின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் ஆஸ்பெஸ்டாசிஸ் இருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் மனுவுக்கு 2 ஆண்டு கெடு, முப்பது வருடம் ஒளிந்திருந்து வரும் நோய்க்கு இது கொஞ்சமும் நியாயமில்லாத கெடு என்பதே என் கருத்து. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, நோய் இன்ன தேதியில்தான் தெரிய வந்தது என்று ஸ்கேன் அறிக்கையோடு காட்டுங்கள், இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இப்போது தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றியிருப்பதால், எந்தப் பிரிவில் மனு போடுவது என்பதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் இருமலை மட்டும் சொல்லாமல், எந்தப் பிரிவில் எத்தனை வருடம், மூட்டை பிரித்துக் கொட்டினாரா, ஷீட் அறுத்தாரா என்று எல்லாம் சொல்லி, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வேலை விவரம் கேட்காமல் டி.பி. மருந்து கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் நிறைய பேர்.

அப்புறம், தூசி படிந்த வேலைச் சட்டையை வீட்டில் உதறித் துவைத்தது அம்மாதான் என்றால், அவரையும் நெஞ்சு நோய் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.