தடைக்காலத்தில் வேகம் வேண்டாம்

கேள்வி: எனக்கு 36 வயது. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் உச்சிப்புளி சாலையில் 10 கிலோமீட்டரைச் சரியாக ஒரு மணி நேரத்தில் ஓடுகிறேன். போன ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 4 நிமிடத்தில் முடித்தேன். 16 கிலோமீட்டருக்குப் பிறகு கால் நகரவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும் என்பது ஆசை. மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு என்பதால் மே மாதம் முழுவதும் இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தேன். நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. வயதாகிவிட்டதா?
— வாசகர், மண்டபம்

பதில்: வயதின் மீது பழி போடாதீர்கள் தம்பி. நாற்பதுக்கு மேல் ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'தினமும்', 'சரியாக' என்ற இரண்டு சொற்கள்தான்.

உங்கள் பந்தய வேகமே கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 53 விநாடி. தினசரி ஓட்டமோ 6 நிமிடம். அதாவது, தினமும் கிட்டத்தட்ட ஒரு பந்தயம் ஓடிவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். உடல் தேறுவதற்கு நாளே இல்லை. வாரத்தில் மூன்று நாட்கள் கிலோமீட்டருக்கு 6:50 அல்லது 7 நிமிடத்தில் ஓடுங்கள். பக்கத்தில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிற வேகம் அது. கூச்சமாக இருக்கும், சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். கடைசி 5 கிலோமீட்டருக்குத் தேவையான தாக்குப்பிடிக்கும் சக்தி இந்த மெதுவான ஓட்டத்தில்தான் சேர்கிறது. இரண்டு நாட்கள் ஓடவே வேண்டாம்.

அடுத்தது, மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதால் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் வேகத்தைச் சோதிக்க இதைவிட மோசமான காலம் நம் கரையில் கிடையாது. ஓடி முடித்துக் கழற்றிய பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரையின் ஈரக்காற்றில் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். இதயம் கூடுதலாக அடித்தும் வேகம் குறையும். நீங்கள் பலவீனமாகவில்லை, வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தடைக்காலத்தில் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, விடியும் முன் மெதுவாக ஓடித் தூரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பலாம். தலைசுற்றினால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ அடிக்கடி மயக்கமோ வந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். உச்சிப்புளி நோக்கிப் போகும்போது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எதிர்த்து வரும், திரும்பும்போது தள்ளிவிடும். வாடையில் இது தலைகீழ். போகும்போது பறந்துவிட்டு, திரும்பும்போது எதிர்க்காற்றில் திணறி 'எனக்குத் தெம்பில்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. போய்த் திரும்பிய மொத்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் வேகத்துக்கு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள், 1 கிலோமீட்டரை 5:20-இல் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி ஐந்து முறை. இன்னொரு நாள் நீண்ட ஓட்டம், அதன் கடைசி 4 கிலோமீட்டர் மட்டும் 5:40-இல். மாதம் ஒருமுறை அந்த நீண்ட ஓட்டத்துக்குத் தனுஷ்கோடி போகலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், போய்த் திரும்பினால் 19. மேடு கிடையாது. நிழலும் கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். காற்று தார்ச்சாலையில் மணலை வாரி இறைத்திருக்கும் இடங்களில் கால் வழுக்கும், அங்கே வேகம் காட்ட வேண்டாம். சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்தில் மட்டும் ஓட வேண்டாம். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே அது பயிற்சி ஆகாது.

16-வது கிலோமீட்டரில் கால் நின்றுபோனதற்குத் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். 45 நிமிடத்தில் ஒரு முறை, 80 நிமிடத்தில் ஒரு முறை என இரண்டு பேரீச்சம்பழமோ சிறு கருப்பட்டித் துண்டோ தண்ணீரோடு எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு ஒத்துக்கொள்கிறதா என்பதைத் தனுஷ்கோடியிலேயே பார்த்துவிட வேண்டும், சென்னையில் அல்ல.

பந்தயத்துக்கு முந்தைய பத்து நாட்கள் தூரத்தைப் பாதியாக்குங்கள். அன்றைய கணக்கு இது. 21.1 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடிக்க 5:41 போதும் என்று தோன்றும். ஆனால் வளைவுகளில் அகலமாகச் சுற்றுவதால் கையிலுள்ள கடிகாரம் பெரும்பாலும் 21.3 வரை காட்டும். 5:41-ஐ நம்பி ஓடினால் ஒரு நிமிடம் தாண்டிவிடும். முதல் 3 கிலோமீட்டரை 5:45-இல் அடக்கி ஓடுங்கள், கூட்டம் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் சரி. அதன் பிறகு 5:37. 16-ஐத் தாண்டியதும் கடிகாரத்தை விட்டுவிட்டு, முன்னால் தெரிகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடியுங்கள்.