ரோட்டரி 'மாவட்டம்' என்பது நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தானா?

இல்லை. ரோட்டரி என்பது சமூக சேவைச் சங்கங்களின் அமைப்பு. அக்கம்பக்கத்து ரோட்டரி சங்கங்களைச் சேர்த்த குழுவுக்குத்தான் அங்கே 'மாவட்டம்' என்று பெயர். அதன் எல்லை வருவாய் மாவட்டத்தைத் தாண்டியும் போகும். நாகர்கோவில் ரயில் நிலையத்தையே பாருங்கள்: ஊர் தமிழ்நாட்டில், ரயில்வே கோட்டமோ திருவனந்தபுரம்.

1905-ல் சிகாகோவில் ஒரே சங்கமாகத் தொடங்கிய ரோட்டரி உலகெங்கும் பரவியதால் இப்படிப் பிரிக்க வேண்டியதாயிற்று.

தக்கலையில் ஒரு கண் சிகிச்சை முகாம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போவது உள்ளூர்ச் சங்கத்துக்காரர்தான். ஆளோ பணமோ போதாவிட்டால் பக்கத்துச் சங்கங்களும் கைகொடுக்கும். இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அப்புறம், நோட்டீஸில் 'மாவட்ட ஆளுநர்' என்று பார்த்ததும் அரசுப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலை 1 முதல் ஓராண்டு சம்பளமில்லாமல் பொறுப்பு வகிக்கும் சங்க உறுப்பினர் அவர்.