டெல்டா வேளாண் மண்டலச் சட்டத்தை ஏன் சமரசம் என்கிறார்கள்?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மையும் நிலமும் மாநிலத்தின் அதிகாரம். எண்ணெய் வயல்கள் மத்திய அரசின் அதிகாரம். பாகப்பிரிவினையில் வயலைத் தம்பிக்கும் அதன் நடுவிலுள்ள கிணற்றை அண்ணனுக்கும் எழுதிவைத்தால் எப்படியிருக்கும்? திருவாரூர்ப் பக்கம் வரப்பில் நின்று பாருங்கள்: இந்தப் பக்கம் குறுவை நாற்று, அந்தப் பக்கம் கம்பிவேலிக்குள் எண்ணெய்க் கிணறு. வேதனையான காட்சி.

இருவரில் யாரும் மற்றவரை முழுவதும் ஒதுக்கிவிட முடியாது. ஆகவே 2020இல் தமிழக அரசு, வேளாண்மையைக் காக்கும் தன் அதிகாரத்தைக் கொண்டே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே நடப்பவற்றை விட்டுவைத்தது. சமரசம் அங்கேதான் இருக்கிறது.

எனவே, இச்சட்டத்தால் பழைய கிணறுகளும் மூடப்பட்டுவிட்டன என்று பலர் நம்புவது தவறு.