செலக்டிவ் பரீட்சைக்குக் கணிதப் பயிற்சி: விசுவமடுவிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்தபோது நான் சிட்னியில் இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, விசுவமடுவில் அண்ணன் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். வயலில் காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் அண்ணனின் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் ஒன்றை விரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் உங்கள் மகனின் வயதுதான். அதனால் உங்கள் கேள்வி எனக்குத் தூரத்துக் கேள்வியாகவே தெரியவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து சிட்னியின் துங்காபிக்கு வந்து ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதக் கடைசியில் மகன் ஐந்தாம் ஆண்டுக்குப் போகிறான். "இப்போதே பிந்திவிட்டீர்கள்" என்று அங்குள்ளவர்கள் சொன்னதைக் கேட்டுப் பயந்து, பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் அரச உயர்நிலைப் பாடசாலைகளான செலக்டிவ் பாடசாலைகளின் பரீட்சைக்காக ஒரு நாளைக்கு 50 கணக்கு செய்விக்கிறீர்கள். அவன் இரவில் அழுகிறான். இன்னும் கூட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

கூட்ட வேண்டாம். பத்தாகக் குறையுங்கள். இன்றைக்கே குறையுங்கள்.

நீங்கள் பிந்தவும் இல்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்தப் பரீட்சை ஆறாம் ஆண்டில், மே மாதமளவில் நடக்கும். விண்ணப்பம் வழக்கமாக அதற்கு முந்திய நவம்பரில் திறந்து பெப்ரவரியில் மூடப்படும். உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 16 மாதங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னர் உங்கள் விசா எந்த வகை என்று பாருங்கள். இடம் கிடைப்பதற்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும் என்பதுதான் பொது விதி. தற்காலிக விசா என்றால் இப்போதே கல்வித் திணைக்களத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதை அறியாமல் இரண்டு வருடம் பிள்ளையை வருத்திய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நம் ஊர்ப் புலமைப்பரிசில் பரீட்சையோடு இதை ஒப்பிட்டு யோசிப்பது இயல்பு. இங்கே 200 புள்ளிக்கு இத்தனை எடுத்தால் போதும் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வரும். அங்கே அப்படி நிலையான சித்திப் புள்ளி கிடையாது. ஒவ்வொரு பாடசாலைக்கும் அந்த வருடம் யார் யார் விண்ணப்பித்தார்கள் என்பதைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும். வாசிப்பு, கணித நியாயம், சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு பகுதிகள். நான்குக்கும் சம பங்கு, 25 வீதம். நம்மவர்கள் கணிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். உங்கள் மகனுக்குக் கணிதம் ஏற்கெனவே வருகிறது. எனவே மாலையில் ஒரு மணி நேரம் இருந்தால் அதில் பாதியைக் கதைப் புத்தகத்துக்குக் கொடுங்கள்.

கணிதப் பகுதியில் 35 பல்தேர்வு வினாக்கள், 40 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு 70 விநாடிகூட இல்லை. கணிப்பான் பயன்படுத்த முடியாது. இதைக் கேட்டதும் வேகம்தான் முக்கியம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் மூத்த மகனை நான்காம் ஆண்டிலேயே ஒரு ரியூசன் நிலையத்தில் சேர்த்தேன். சனிக்கிழமைக்கு மூன்று வினாத்தாள். திங்கட்கிழமை புள்ளிப் பட்டியல் வரும்; அதில் அவன் எத்தனையாம் இடம் என்று பார்ப்பேன், எந்தக் கணக்கு ஏன் பிழைத்தது என்று பார்க்க மாட்டேன். சனிக்கிழமை காலைகளில் அவனுக்கு வயிற்று வலி வரத் தொடங்கியது. வைத்தியரிடம் கொண்டுபோனேன், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அப்போதும் நான் நிறுத்தவில்லை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரத்தில் தறப்பாள் கொட்டிலில் படித்தவள் நான். ஒரு கொப்பியை மூன்று பேர் பகிர்ந்து எழுதினோம். எனக்குக் கிடைக்காதது எல்லாம் இவனுக்குக் கிடைத்திருக்கிறது, படித்தால் என்ன என்று நினைத்தேன். உங்களுக்குள்ளும் அந்த நினைப்பு இருக்கும். அது பிழையான நினைப்பு அல்ல. ஆனால் அந்தப் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றியது என் பிழை. அவனுக்குச் செலக்டிவ் இடம் கிடைக்கவில்லை. அருகிலுள்ள சாதாரண உயர்நிலைப் பாடசாலைக்குப் போனான். அங்கே கணிதத்தை விரும்பி எடுத்து, இப்போது பன்னிரண்டாம் ஆண்டில் நன்றாகப் படிக்கிறான்.

அந்த நாட்களில் அவனுக்குக் கொடுத்த ஒரு கணக்கை நேற்று மருமகளிடம், அதாவது அண்ணனின் மகளிடம், கொடுத்துப் பார்த்தேன். ஒரு தொட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது. இன்னும் 18 லீற்றர் ஊற்றியதும் அது பத்தில் ஏழு பங்காகிறது. முழுத் தொட்டியும் எத்தனை லீற்றர் கொள்ளும்? என் மகன் அன்று இருபது விநாடியில் 45 என்றான். 18ஐ இரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்கியிருக்கிறான். ஊற்றிய தண்ணீரையும் இருந்த தண்ணீரையும் ஒன்றாக எண்ணிவிட்டான். விடைத் தெரிவுகளில் 45 இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள்: தவறான தெரிவுகளைச் சும்மா போடுவதில்லை. அவசரப்படும் பிள்ளை எந்த இடத்தில் சறுக்கும் என்று யோசித்து, அந்தச் சறுக்கலின் விடையையே ஒரு தெரிவாக வைப்பார்கள். அதனால் தன் விடை பட்டியலில் இருப்பதைக் கண்டதும் பிள்ளை சரியென்று நம்பிவிடுகிறது.

மருமகள் பின்னம் கழிக்க இன்னும் படிக்கவில்லை. கிணற்றடியில் இருக்கும் நீலத் தண்ணீர்ப் பரலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓர் ஈர்க்கை எடுத்து முற்றத்து மணலில் நீளப் பெட்டி ஒன்றை வரைந்து ஐந்தாகப் பிரித்தாள். இரண்டு கட்டத்தைக் கையால் தடவி நிரப்பினாள். "பத்தில் ஏழு என்றால் பத்துக் கட்டம் வேண்டுமே மாமி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாக வெட்டினாள். இப்போது தண்ணீர் நான்கு கட்டத்தில். ஏழு வரைக்கும் போக இன்னும் மூன்று கட்டம். மூன்று கட்டம் 18 லீற்றர், ஒரு கட்டம் 6, பத்துக் கட்டம் 60. நான்கு நிமிடம் எடுத்தது. மழைக்காலத்தில் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று தினமும் கேட்கும் ஊரில் வளரும் பிள்ளை அவள். தொட்டியை அவள் எண்ணாகப் பார்க்கவில்லை, தண்ணீராகப் பார்த்தாள். உங்கள் மகனும் இதே மண்ணிலிருந்து போனவன். அவனிடமும் இது இருக்கும், 50 கணக்கின் அடியில் அதைப் புதைத்துவிடாதீர்கள்.

நான்கு நிமிடம் என்பது பரீட்சையில் மூன்று, நான்கு வினாக்களின் நேரம் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் படம் வரைந்து யோசித்த பிள்ளை, ஆறு மாதத்தில் அந்தப் படத்தை மனதுக்குள் வரையப் பழகிவிடும், நேரம் தானாகக் குறையும். வேகமாகப் பிழை செய்யப் பழகிய பிள்ளையைத் திருத்துவது அதைவிடக் கடினம். நேரம் வைத்துச் செய்யும் பயிற்சி கடைசி மூன்று, நான்கு மாதத்துக்குப் போதும். அப்போது சிக்கும் வினாவைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்குங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகையால் ஒரு வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. 2025 முதல் பரீட்சை கணினியில் நடக்கிறது. திரையில் வினாவை வாசித்து, பக்கத்தில் தாளில் செய்து பழகட்டும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. கட்டுக்கட்டாகப் புத்தகம் வாங்குவதற்கு முன் அவற்றை முழுவதும் பயன்படுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய கொப்பிப் படத்தைப் பார்த்தேன். இரண்டு எண்களின் பெருக்கம் 36, வேறுபாடு 5, கூட்டுத்தொகை என்ன என்ற வினாவை அவன் வெறுமையாக விட்டிருக்கிறான். அதே பக்கத்தில் அதைவிடக் கடினமான வகுத்தலைச் சரியாகச் செய்திருக்கிறான். ஒன்பதும் நான்கும் அவனுக்குத் தெரியாதா? ஆங்கிலச் சொல்தான் மறித்திருக்கிறது. மல்லாவியிலிருந்து வந்த என் அக்காவின் மகன் கணிதத்தில் பெருக்கத்தைக் குறிக்கும் 'பிராடக்ட்' என்பதைக் கடையில் விற்கும் பொருள் என்றே பல மாதம் நினைத்திருந்தான். 'குறைந்தது', 'மிகாமல்', 'ஒவ்வொன்றிலும்', 'மீதி' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிச் சேருங்கள். வினாவை ஆங்கிலத்தில் வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு நீங்கள் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை, கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

இன்னொரு கொப்பி பிழைகளுக்கு. பிழைத்த கணக்கை எழுதி, அதன் கீழே ஏன் பிழைத்தது என்று அவனுடைய சொல்லில் ஒரு வரி: 'வாசிக்கவில்லை', 'அலகை மாற்ற மறந்தேன்', 'வழியே தெரியவில்லை'. ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் அதே கணக்கை மீண்டும் செய்யட்டும். என் இரண்டாவது மகளோடு நான் செய்தது இவ்வளவுதான். அவளுக்கு இடம் கிடைத்தது. அது இந்த முறையால் மட்டும்தான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

பாடசாலை தொடங்குவதற்கு முதல் வாரம் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை மத்தியானம் வென்ட்வர்த்வில்லில் உள்ள என் வீட்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அங்கேயே சாப்பிடலாம். புள்ளிப் பட்டியல் எதுவும் வேண்டாம். அந்தப் பிழைக் கொப்பியில் நான்கு பக்கம் எழுதியிருந்தால் அதை மட்டும் கொண்டுவாருங்கள்.